கடவுச்சீட்டும் பத்தாம் வகுப்பும்

(கல்விக் கழக வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெளிநாடு செல்வோர்க்கு வேண்டிய ஆவணங்களைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தபோது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் கடல் கடந்தவரல்லர். நம்மிடம் ஒரு கடவுச்சீட்டு உண்டு. அதன் 36 பக்கங்களில் ஒன்றிலேனும் இதுவரை எந்நாட்டு முத்திரையும் விழுந்ததில்லை. அத்தகைய ஒரு பள்ளித் தலைமையாசிரியருக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நம் பிள்ளைகளின் கடவுச்சீட்டு, சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களிலுள்ள மண்டல அலுவலகங்களில் தொடங்குவதில்லை; பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் தொடங்குகிறது. இவ்வுண்மையை நாம் பல்லாண்டுகள் அறியாதிருந்தோம். அறிந்துகொண்ட விதமும் இனியதன்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டு அனுமதிகள்

அயல்நாடு செல்ல இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒன்று கடவுச்சீட்டு, அதாவது பாஸ்போர்ட். அதனை வழங்குவது நம் அரசு. இவர் எம் நாட்டவர், இவரைத் தடையின்றிச் செல்ல விடுக, வேண்டுமிடத்து உதவுக என்று குடியரசுத் தலைவரின் பெயரால் பிறநாட்டாரைக் கேட்டுக்கொள்ளும் ஆவணம் அது. மற்றொன்று விசா. அதனை வழங்குவது நாம் செல்லவிருக்கும் நாடு. நம் வீட்டிலிருந்து புறப்பட நம் வீட்டார் விடை கொடுத்தால் மட்டும் போதுமா? செல்லும் வீட்டார் கதவைத் திறக்க வேண்டாமா? நேபாளம், பூடான் ஆகிய இரு நாடுகளுக்கு மட்டும் நம் நாட்டவர் வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டே செல்ல இயலும். பெரும்பாலான பிற நாடுகளுக்கு முன்கூட்டியோ, அந்நாட்டில் இறங்கியவுடனோ அனுமதி பெற்றாக வேண்டும்.

விசாவில் நாம் பார்க்க வேண்டியவை மூன்று. எதற்காக என்பது முதலாவது. எத்தனை நாளுக்கு என்பது இரண்டாவது. எவர் பெயரில் என்பது மூன்றாவது. சுற்றிப் பார்க்கத் தரும் விசா வேறு; வேலை செய்யத் தரும் விசா வேறு; படிக்கத் தரும் விசா வேறு. சுற்றுலா விசாவில் சென்று சித்தாள் வேலை செய்தால் அந்நாட்டுச் சட்டப்படி அது குற்றம். விசாவிலுள்ள பெயரும் எண்ணும் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். பல நாடுகள், கடவுச்சீட்டு மேலும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்றும் கேட்கின்றன. இவை சிறு செய்திகளாகத் தோன்றும். விமான நிலையத்தில் இவையே பெருஞ் செய்திகளாகிவிடும்.

நம் முன்னோர் பெற்ற சீட்டு

நம் சமுதாயத்துக்குக் கடற்பயணம் புதியதன்று. 1860ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பல் சென்றது. பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் மொரீசியசுக்கும் பிஜிக்கும் நேட்டாலுக்கும் சென்றவர்களுள் ஒடுக்கப்பட்ட மக்கள் ஏராளம். அவர்களுக்குக் குடியேற்றச் சீட்டு ஒன்று எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு ஆகியவை அதில் குறிக்கப்பட்டன. ஊரில் விட்டுச் செல்ல நினைத்த சாதி, சீட்டில் ஏறி அவர்களுடன் கப்பலிலும் சென்றது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி வழியே சென்றவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்து சென்றனர். எங்கே போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் வில்லைக்குத் தெரியும்.

அதே காலத்தில் வேறு விதமாகச் சென்றோரும் நம்மிடையே உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா சென்று, அங்கே அலுவல் பார்த்துத் திரும்பிய திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், 1930ஆம் ஆண்டு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைக்காக வாதாடினார். அண்ணலோ 1913ஆம் ஆண்டிலேயே பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றவர். ஒப்பந்தக் கூலி கடந்ததும் கடல்தான். இவர்கள் கடந்ததும் கடல்தான். கையிலிருந்த எழுத்து வேறு.

சுதந்திர இந்தியாவிலும் கடவுச்சீட்டு நெடுங்காலம் அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. வெளிநாடு செல்லுதல் தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று 1967ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக அவ்வாண்டே கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றைய கடவுச்சீட்டில் சாதிக்கு இடமில்லை. எந்தத் தெருவிற் பிறந்தவராயினும் அதில் அவர் இந்தியரே. ஆகவே அதனைப் பெறுவது எவரும் நமக்கு இடும் பிச்சையன்று, நம் உரிமை.

இ.சி.ஆர். என்னும் மூன்றெழுத்து

ஆயினும் அச்சீட்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. அதுவே இன்று நாம் முதன்மையாகக் கூற வந்தது. பத்தாம் வகுப்பில் தேறியவர் பெறும் கடவுச்சீட்டு ஒரு வகை. தேறாதவர் பெறும் கடவுச்சீட்டில் இ.சி.ஆர். என்று குறிக்கப்படும். குடிபெயர்வு அனுமதி தேவை என்பது அதன் பொருள். அதாவது, சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குச் செல்ல வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் மத்திய அரசு அதிகாரியின் அனுமதியைப் பெற வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வகுத்த முறை இது. 50 வயதைக் கடந்தோர், வருமான வரி செலுத்துவோர் முதலிய சிலருக்கு விலக்குண்டு. ஆனால் நம் பிள்ளைகள் இருபது வயதில் புறப்படுகிறவர்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் விலக்குத் தருவது பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே.

இம்முறை நல்லதா, தீயதா? இரண்டு பக்கமும் பார்த்தல் வேண்டும். படிப்பறிவு குறைந்தவரை ஏமாற்றுவது எளிது; ஆகவே அவருடைய வேலை ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி பார்த்து அனுப்பட்டும் என்பது சட்டத்தின் நோக்கம். அது நல்ல நோக்கமே. ஆனால் 2018ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். இ.சி.ஆர். பிரிவினருக்கு மட்டும் ஆரஞ்சு நிற அட்டையிட்ட கடவுச்சீட்டு வழங்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. மற்றவர்க்கு நீல அட்டை. படிக்காதவர்க்கு ஆரஞ்சு அட்டை! வரிசையில் நிற்கும்போதே, இவன் படிக்காதவன் என்று பிறர் அறிந்துகொள்ளும் ஏற்பாடு. எதிர்ப்பு எழுந்தது, அம்மாதம் முடிவதற்குள் அறிவிப்புக் கைவிடப்பட்டது. தனிக் குவளையும் தனி வரிசையும் கண்ட நமக்கு அந்த அட்டையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு மாணவரின் கதை

நாம் முன்னர்க் கூறுவதாகச் சொன்னது இதுதான். நம்மிடம் ஒன்பதாம் வகுப்பு வரை படித்து, குடும்பச் சூழலால் நின்றுவிட்ட மாணவர் ஒருவர் 2016ஆம் ஆண்டு நம்மைத் தேடி வந்தார். அப்போது அவருக்குத் திருமணமாகிக் கைக்குழந்தை இருந்தது. "ஐயா, பத்தாவது பாஸ் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தால் போதும். இ.சி.ஆர். இல்லாமல் பாஸ்போர்ட் வாங்கிவிடுவேன்" என்றார். நாம் சினந்தோம். பொய்ச் சான்று தர முடியாது என்று கூறி அனுப்பிவிட்டோம். பொய்யான தகவல் தந்து கடவுச்சீட்டுப் பெறுவோர்க்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு; ஆகவே மறுத்தது சரியே.

ஆனால் மறுத்ததோடு நின்றோம். இ.சி.ஆர். கடவுச்சீட்டுடனேயே முறையாக வேலைக்குப் போகலாம், அதற்கு வழியிருக்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? நமக்கே அது தெரியாது. இளங்கலையும் கல்வியியலும் படித்து, இருபதாண்டு பணி செய்த ஆசிரியருக்குத் தெரியாது!

அவருக்கு வழி சொல்ல ஒரு தரகர் வந்தார். "உனக்கு எதற்கு அந்த அனுமதித் தொல்லை? விசிட் விசாவில் ஏறு, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றார். சுற்றுலாவுக்குச் செல்வோர்க்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அந்தச் சந்தின் வழியேதான் தரகர்கள் ஆட்களை அனுப்புகிறார்கள். மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மாணவர் அமீரகத்துக்குப் போனார். அங்கே ஒரு கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, விசாவின் நாளும் முடிந்திருந்தது. அவரை வேலைக்கு வைத்தவர் கடவுச்சீட்டை முன்னரே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். நாள் கடந்து தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் ஏற, அவர் ஓர் அறையில் மறைந்து வாழ்ந்தார். 2018ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு பொதுமன்னிப்புக் காலம் அறிவித்தபோதுதான், இந்தியத் தூதரகம் கொடுத்த ஒருவழி அவசரச் சான்றைக் கொண்டு ஊர் திரும்பினார். போகும்போது இருந்த கடவுச்சீட்டும் இல்லை. நேரே நடந்த காலும் இல்லை.

முறையான வழி

ஆகவே, பத்தாம் வகுப்பு தேறாத இளைஞர்களே, வெட்கப்படாதீர்கள்; குறுக்கு வழியும் தேடாதீர்கள். அந்த மூன்றெழுத்தை உங்களுக்குக் காவலாக மாற்றிக்கொள்ளுங்கள். அரசிடம் பதிவு பெற்ற முகவர் வழியாக மட்டுமே செல்லுங்கள். பதிவு உண்மையா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். முகவர் உங்களிடம் பெறக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. அதற்குமேல் கேட்டால் அது சட்ட மீறல். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுப்பவர், நாளை உங்கள் முகத்தையும் அறியேன் என்பார்.

வேலை ஒப்பந்தத்தில் என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை மணி நேரம், உணவும் உறைவிடமும் யார் பொறுப்பு என்பவற்றைத் தமிழில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கொத்தனார் என்றும் விசாவில் வேறு தொழில் என்றும் இருந்தால் புறப்படாதீர்கள். முறையாகச் செல்லும் இ.சி.ஆர். தொழிலாளர்க்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய். மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் நேர்ந்தாலோ 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். தேநீர்ச் செலவுக்கு நிகரான 275 ரூபாய்! அத்தகைய காப்பு ஒன்று உண்டென்பதைக்கூட அறியாமல் நம் மாணவர் சாரத்தில் ஏறினார்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். இ.சி.ஆர். கடவுச்சீட்டில் வீட்டு வேலைக்கு இந்நாடுகளுக்குச் செல்லும் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருத்தல் வேண்டும். அவர்களைத் தனியார் தரகர் அனுப்பக் கூடாது. நம் மாநிலத்தில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. வயதைக் கூட்டி எழுதித் தருகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடவுச்சீட்டு எவருக்குச் சொந்தம்? 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது எந்நாளும் இந்திய அரசின் உடைமை. நாம் அதன் பொறுப்பாளர். அதனை முகவரோ முதலாளியோ பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. கத்தார் நாட்டின் 2015ஆம் ஆண்டுச் சட்டமும், தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைப்பதைத் தடை செய்கிறது. புறப்படும் முன் கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு இரண்டு நகல் எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வீட்டில்.

பதிவேட்டில் நாம் செய்த பிழை

இனி, நம் குற்றத்தைச் சொல்கிறோம். முன்பெல்லாம் பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க வரும் பெற்றோரிடம் பிறந்த தேதி கேட்டால், "கார்த்திகை மாசம், அடைமழையில் பிறந்தான் ஐயா" என்பார்கள். கூலி வேலையை விட்டு வந்தவர்கள். விரைவில் திரும்ப வேண்டும். நாமும், முதல் வகுப்புக்கு வயது பொருந்துமாறு மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிவிடுவோம். ஒரே வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே பிறந்த நாள்! அன்று அது உதவி என்றே எண்ணினோம். இருபது ஆண்டு கழித்து, பிறப்புச் சான்றில் நவம்பரும் பள்ளிச் சான்றில் மே மாதமுமாக அப்பிள்ளை அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தது.

2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளும் அதற்குப் பின்னும் பிறந்தவர்க்கு, பிறந்த தேதிக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றையே ஏற்பது என்று 2025ஆம் ஆண்டு விதி வந்துள்ளது. முன்னர்ப் பிறந்தோர்க்குப் பள்ளிச் சான்று முதலியனவும் ஏற்கப்படும். ஆகவே குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பெயரின்றிப் பதிந்திருந்தால் பெயரையும் சேர்த்துவிடுங்கள். பதினைந்து ஆண்டுக்குள் அதற்கு வழியுண்டு.

பெயரிலும் கவனம் வேண்டும். தமிழர் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஓர் எழுத்தை முன்னால் இட்டுக்கொள்கிறோம். கடவுச்சீட்டில் அவ்வெழுத்து விரித்து எழுதப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டு நவம்பரில் அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர்க்குச் சுற்றுலா விசா, விசிட் விசா ஆகியவற்றில் நுழைவு இல்லை என்று அறிவித்தது. தந்தை பெயரைத் தனிக் கட்டத்தில் எழுதாமல் விட்டவர்கள் திகைத்தனர். ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டு, மதிப்பெண் சான்றில் வேறோர் எழுத்துக்கூட்டு என்றிருந்தாலும் தொல்லையே. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன் திருத்துவது எளிது, பின்னர் அரிது.

வழக்கைப் பற்றி ஒரு சொல்

விண்ணப்பித்தபின் காவல் துறை விசாரணை நடைபெறும். நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டு மறுக்கப்படலாம் என்று சட்டம் கூறுகிறது. ஊர்த் தகராறுகளில் நம் இளைஞர் பெயர்கள் எவ்வாறு வழக்கில் ஏறுகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். நியாயத்துக்காக நிற்பதை நாம் தடுக்கவில்லை. வாய்ச் சண்டைக்கும் பதாகைச் சண்டைக்கும் உங்கள் இருபது வயதை அடகு வைக்காதீர்கள் என்றே கேட்கிறோம். வழக்கு இருப்பினும் மறைக்காதீர்கள். 1993ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, அந்நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, அது குறிக்கும் காலத்துக்குக் கடவுச்சீட்டுப் பெற வழியுண்டு.

கழகத்துக்கு ஒரு வேண்டுகோள்

இருபத்தைந்து ஆண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப உழைத்த இக்கழகத்தை நாம் இரண்டு செயல்கள் செய்யுமாறு வேண்டுகிறோம். ஒன்று, ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவு மூன்றையும் ஒரு மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் நாள் ஒன்றை ஏற்படுத்துதல். நம் மாலை நேரங்களை அதற்குத் தருகிறோம். மற்றொன்று, பத்தாம் வகுப்பில் தவறியவர்க்கும் இடையில் நின்றவர்க்கும் இரவு வகுப்பு நடத்துதல். துணைத் தேர்வு உண்டு. தனித்தேர்வர் முறை உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் உண்டு. ஒரு பாடத்துக்கு 35 மதிப்பெண். அதுவே ஒருவரின் கடவுச்சீட்டை மாற்றிவிடும்.

கூலிக்கு மட்டுமே கடல் கடக்க வேண்டும் என்பதும் இல்லை. பட்டம் பெற்றவர்க்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினர்க்கு. நம் மாநிலத்தில் அண்ணல் அம்பேத்கர் பெயரிலேயே அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் உண்டு. அண்ணல் சென்ற வழியில் செல்ல விரும்புகிறவர் முதலில் வாங்கி வைக்க வேண்டியது கடவுச்சீட்டு. கட்டணம் 1,500 ரூபாய். பெரியவர்க்குப் பத்தாண்டு செல்லும். உதவித்தொகை வந்தபின் ஓடுவதினும் முன்னரே பெற்று வைத்தல் நன்று.

முடிக்கும் முன் ஒன்று. கால் முறிந்து வந்த மாணவரைப் பற்றிக் கூறினோம் அல்லவா? இவ்வாண்டு ஜூன் மாதம் அவர் தம் மகளை ஆறாம் வகுப்பிற் சேர்க்க நம் பள்ளிக்கு வந்தார். ஒரு நெகிழி உறையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். "ஐயா, இதில் உள்ளபடியே எழுதுங்கள். பெயரும் ஓர் எழுத்துப் பிசகக் கூடாது" என்றார். உதவியாளரிடம் கொடுக்காமல் நாமே பேனாவை எடுத்து எழுதினோம். எழுதி முடிக்கும் வரை அவர் நின்றுகொண்டே பார்த்திருந்தார். அமருமாறு சொல்லியும் அமரவில்லை.

அக்குழந்தை பத்தாம் வகுப்புத் தேற இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது. அதுவரை நமக்கும் பணி ஓய்வு இல்லை.